ஹெட்போன் பாடிய அறை

புது ஹெட்போன் நாலைந்து நாள் விடாமல் பாடினால்தான் அதன் குரல் பதமாகும் என்பது செல்வராயனின் நம்பிக்கை. காதுமூடியின் வெளிப்புறம் திறந்த வகையென்பதால் பாட்டு வெளியே கசிந்தது. தனக்குத் தொந்தரவாக இருக்குமென்று, படுத்த படுக்கையாயிருந்த அக்காவின் அறை மேசையில் அதை ஓடவிட்டான். பிறகு எடுத்துவந்து தன் பழைய மாடலோடு ஒப்பிட்டான். "பழசின் இதம் இதில் இல்லை" என்று ஹெட்போன் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டான்.

அன்று கஞ்சி கொண்டுபோனபோது அக்கா கேட்டாள்: "பாட்டு ஏன்டா நின்னுபோச்சு? நீ எனக்குன்னு வச்சதா நெனச்சேன்."

"உனக்குத்தான்க்கா. ஒயர்ல ஏதோ கோளாறு."

தன் பழைய ஹெட்போனைக் கொண்டுவந்து, அதே மேசையில் வைத்து, அதே பாட்டைப் போட்டான். அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இது உன்னோடதுடா," என்றாள். "என்னோடதக் கொண்டா."