கம்ப்யூட்டர் திறக்கும் வரை

தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்தும் கரீம் பாட்சாவின் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, குர்லா போய்க் கல்யாண விருந்து சாப்பிட்டுத் திரும்பிவிடலாம். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

“அது சுத்துறதப் பாத்தா ரத்தம் கொதிக்கி. மாட்டுங்கா வரைக்கும் நடந்துட்டு வந்தாத்தான் ஆறுது. ஒரு மாசமா இதே பொழப்பு. அதுக்குள்ள தாணே ஆர்டரை வேற எவனாவது தட்டிட்டுப் போயிருதான். எப்பிடியாவது இதை வேகமாக்கு, காலித்!”

மெக்கானிக் காலித் செட்டிங்ஸைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு, பாய். ஆன் பண்ணினதும் ஓடுற மாதிரி இருபத்திரண்டு புரோகிராம் போட்டிருக்கு. யாரோ வேணும்னே ஒவ்வொண்ணாப் போட்டிருக்காங்க.”

“எவம்ல அது, எம் பொழப்பக் கெடுக்க வந்தவன்?”

அவர் போட்ட சத்தத்தில் அந்தச் சந்தில் இருந்த தையல் மெஷின் அத்தனையும் நின்றன.

டீ கொண்டுவந்த மனைவி சைனப் நிதானமாக டம்ளரை வைத்தாள்.

“நான்தான். நம்ம மக அதீபாகிட்ட கேட்டுப் போட்டேன்.”

“நீயா?”

“சுகர் முந்நூத்தம்பது, தினமும் நடங்கன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. நாற்காலிய விட்டு எந்திரிச்சீங்களா? இந்த மாசம் பாருங்க, நூத்தம்பதுக்கு எறங்கிட்டு.”

“அது வெந்தயத் தண்ணியிலல்லா எறங்குச்சு!”

“ஆமா, வெந்தயம்தான் மாட்டுங்காவுக்கு நடந்துச்சு.”

காலித் மவுஸில் விரலை வைத்தபடி கேட்டான்: “இப்ப எல்லாத்தையும் எடுக்கவா, விடவா பாய்?”

கரீம் பாட்சா கம்ப்யூட்டரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“பதினொண்ண மட்டும் எடு. இனிமே பாதித் தூரம், சயான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வாரேன்.”