வரைபடத்தில் ஐந்து புள்ளிகள்

டுமீல்!

சத்தம் கேட்ட மறுகணம் வோல்க்மார் சேற்று வாய்க்காலில் குப்புற விழுந்து கிடந்தான். தலைக்கு மேலே காட்டு வாத்துகள் கத்திக்கொண்டு பறந்தன.

நாணலை விலக்கி ஒரு கை நீண்டது. "கெட்டியாப் பிடிச்சுக்கோ தம்பி. அந்தப் பக்கம் கால வச்சே, ஆளையே முழுங்கிடும்."

பச்சைக் கோட்டு அணிந்த ஒரு கிழவர் அவனை மேலே இழுத்துப் போட்டார்.

"யா... யார் சுட்டாங்க?"

"வாத்து சீசன். அக்டோபர் வந்தா இங்க இதான் சங்கீதம். ஹாம்பர்க்கா நீ? பூட்ஸைப் பார்த்தாலே தெரியுது, டான்ஸ் ஆடப் போறவன் மாதிரி! யாரைத் தேடி வந்தே?"

"பெரியவர் ஊலன்புரோக்கை. சதுப்போரம், ஓக் மரத்து வீடுன்னு ரொட்டிக்கடையில சொன்னாங்க."

"அவனைத்தான் இப்பப் பார்த்துக்கிட்டு நிக்கிறே. வா, குளிருது."

வோல்க்மாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று வாரமாக அவன் சரியாகத் தூங்கவில்லை. தெருவில் ஒரு கார் வேகம் குறைத்தால்கூட ஜன்னலை விட்டு விலகி நின்றான்.

வாசல் கம்பத்தில் துருப்பிடித்த தபால் பெட்டி இருந்தது. அதில் 'டெல்க்மன்' என்று வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். பண்ணையாளுடையதாக இருக்கும் என்று நினைத்தபடி உள்ளே போனான்.

சமையலறையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கிழவர் கறுப்பு ரொட்டியும் புகை போட்ட பன்றித் தொடையும் வெட்டி வைத்தார். சின்னக் கோப்பையில் சாராயம் ஊற்றினார்.

"ஊலன்புரோக்... ஆந்தைச் சதுப்பு. நானும் இந்தப் பேரைச் சுமந்துக்கிட்டு அலையறேன், இன்னைக்குத்தான் அந்தச் சதுப்பையே பார்க்கிறேன்" என்றான் வோல்க்மார்.

"பேரு ஆளோடது இல்ல தம்பி, வீட்டோடது. அந்தக் காலத்துல மாப்பிள்ளையா வந்தவன்கூடத் தன் பேரை வாசல்லயே கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள வருவான். அப்புறம் அரசாங்கம் சட்டம் போட்டு நிறுத்திடுச்சு. ஊர் வாயை யாரு நிறுத்துறது? இன்னைக்கும் இந்த அடுப்பைப் பத்த வைக்கிறவன்தான் ஊலன்புரோக்."

வோல்க்மார் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தான். ஜெர்மனி வரைபடத்தில் ஐந்து சிவப்புப் புள்ளிகள்.

"எட்டுக் கோடிப் பேர்ல இந்தப் பேரு அஞ்சே பேருக்கு. இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி ஒட்டீலியே அம்மா ஏப்ரல்ல கண்ணை மூடினதும் வக்கீல் எங்க அஞ்சு பேரையும் கூப்பிட்டாரு. வீடு, நிலம் எல்லாம் இந்தப் பேரோட பிறந்தவங்களுக்குச் சமபங்குன்னு சொன்னாரு."

"நல்ல சேதிதானே?"

"பிரேமன்ல மார்கிட் மாடிப்படியில உருண்டு செத்தா. காஸல்ல அப்பனும் மகளும், காரோட ஏரிக்குள்ள. மூணு புள்ளி போச்சுய்யா! மிச்சம் ஹென்னிங்கும் நானும். உங்களை இந்த மேப் காட்டவே இல்லை. இங்க ஒரு பெரியவர் ஊலன்புரோக் இருக்காருன்னு கேள்விப்பட்டதுதான்."

"என்னைக் காட்டாது" என்றார் கிழவர், ரொட்டியை மென்றுகொண்டே.

"அதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதேன்னு ஓடி வந்தேன். ஆள் குறையக் குறைய யாருக்குப் பங்கு ஏறும்? எல்லாம் ஹென்னிங் வேலை. அடுத்தது நான். இல்லேன்னா நீங்க."

"நீ இங்க வந்தது யாருக்காவது தெரியுமா?"

"சொல்லுவேனா? அவன் காதுக்குப் போயிட்டா?"

"புத்திசாலி."

கிழவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் அடிக்கட்டையில் சேறு இன்னும் காயவில்லை.

"அப்படிப் போடுங்க! இனி வரட்டும் அவன்" என்றான் வோல்க்மார். பல நாளுக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. ரொட்டியை எடுத்துக் கடித்தான்.

"வக்கீல் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கான்" என்றார் கிழவர், குழலைத் துணியால் துடைத்தபடி. "இந்தப் பேருக்கு ஒருத்தரும் மிஞ்சலேன்னா, எல்லாம் குத்தகைக்கு உழுறவனுக்கு. கிழவி அப்படித்தான் எழுதி வச்சா."

"யாரு அந்தக் குத்தகைக்காரன்? அவனையும் ஒரு கண்ணு பார்த்துக்கணும்."

கிழவர் துணியை மடித்து மேசைமேல் வைத்தார். வெளியே காற்று நாணலைப் புரட்டியது.

"ஹென்னிங் வர மாட்டான்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"முந்தாநாளே வந்துட்டான். அவனும் உன்னை மாதிரிதான், என்னை எச்சரிக்கணும்னு ஓடி வந்தான். நீ விழுந்தியே வாய்க்கால், அதுக்கு அந்தப் பக்கம் இருக்கான்."

வோல்க்மார் கையிலிருந்த ரொட்டியை மேசைமேல் வைத்தான். பிறகு மெல்ல மெல்ல அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"முடிச்சுட்டீங்களா? பரவாயில்லைய்யா, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அப்போ ஊலன்புரோக்னு இந்த உலகத்துல மிச்சம் நாம ரெண்டே பேர்தான்!"

கிழவர் தோட்டாவைக் குழலுக்குள் நிதானமாகத் தள்ளி மூடினார்.

"என் பேரு வாசல்ல தபால் பெட்டியில இருக்கு தம்பி."