ஒரே பைனாகுலர்

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற விடுதலை கிடைத்த ஆண்டின் கடைசி மாலை. மழை ஓய்ந்த காஜா பேராங் ஊர்ப் புதரோரம் வெளிச்சம் மங்குகிறது. சிஹாபுதீனும் மருதமுத்துவும் ஈரத்தில் குந்தியிருக்கிறார்கள். இருவருமே பார்த்த பறவைதான் அவர்களது ஆண்டுப் பட்டியலில் சேருமாம்; எந்த நேரத்தில் தங்களுக்குத் தாங்களே இந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டார்களோ, இருப்பது ஒரே பைனாகுலர். ஆண்டெல்லாம் தேடிய நீலச் சிறகுக் குருவியைச் சிஹாபுதீன் கண்டுவிட்டார். "அந்தா முத்து, வேரடியில!" பைனாகுலரை நீட்டுகிறார், அதன் வார் அவர் கழுத்திலேயே கிடக்கிறது. "கழட்டிக் குடுங்க பாய், பறந்துரும் லா!" "இழுக்காதய்யா, கழுத்து அறுபடுது!" வார் காலரில் சிக்குகிறது. மண்டைகள் முட்டிக்கொள்கின்றன. "போன தடவயும் இப்பிடித்தான் பண்ணீங்க!" குருவி தத்தித் தத்தி வந்து, மருதமுத்துவின் செருப்பருகே ஒரு மண்புழுவைக் கவ்வி இழுக்கிறது. இவர்கள் வாரை இழுக்கிறார்கள். புழுதான் முதலில் வெளியே வருகிறது.