ஒவிலாவின் பனிப் பேருந்து

கியூபெக்கின் பழைய பனிவண்டிச் சங்கத் தலைவர் ஒவிலா, ஒரு காலத்தில் டாக்டரையும் தபாலையும் உறைந்த ஏரிக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்த தன் பனிப் பேருந்தின் வரலாற்றை அரைமணி நேரம் அளந்தார். ஏரிக்கரையில் நடக்கும் பழைய வண்டிப் போட்டியில் ஆண்டுதோறும் இப்படிப் பேசியே கோப்பை வாங்குகிறவர்.

“பேசினது போதும் தலைவரே, ஓட்டிக் காட்டுங்க,” என்றாள் புதிய நடுவர் கொலெத்.

ஒவிலாவுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. வண்டியை டிரெய்லரில் ஏற்றி வந்திருந்தார். உள்ளே எஞ்சினே இல்லை. பாட்டரிமேல் பழியைப் போட்டுவிடலாம் என்று சாவியைத் திருகினார்.

வண்டி உறுமிக் கிளம்பியது. சங்கிலிப் பட்டைகள் பனியை வாரி இறைக்க, ஏரிமேல் அழகாக ஒரு சுற்று வந்தது. கூட்டம் தொப்பியைக் கழற்றியது.

“நீங்க சொன்னதெல்லாம் புளுகுன்னு நெனச்சேன். என்னா வண்டி இது,” என்று கோப்பையைக் கொடுத்தாள் கொலெத்.

படமெடுக்கும்போது மனைவி போனில் அழைத்தாள். “நீ கழட்டி வச்ச எஞ்சின் கொட்டகையில தானா ஓடுது, ஒவிலா. என்ன பண்றது?”

“ஓடட்டும் விடு,” என்றார் ஒவிலா, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. “இங்க இன்னும் படம் எடுத்து முடியல.”