பத்தொன்பது அடி

"மூணு கோழி போச்சும்மா! மூணும் முட்டையிட்டுக்கிட்டிருந்த கோழி!"

வண்டியில் வந்த சுகாதார ஆய்வாளர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், மூன்று விரலை நீட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார் பெரியவர்.

ஆய்வாளர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் இவருடைய புகார் மனு மட்டும் நான்கு. எங்கோ நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டவர் என்பது அவர் அதட்டலிலேயே தெரிந்தது. ஓய்வு பெற்றதும் இந்த வீட்டை வாங்கி, கொல்லையில் கோழி வளர்க்கத் தொடங்கிய அவரைத் தெருவில் எல்லோரும் 'கோழி சார்' என்றுதான் சொல்வார்கள்.

"மாட்டு டாக்டர் வந்து பாத்தாரு. வியாதி கோழிகிட்ட இல்ல, தண்ணியிலதான்னு சொல்லிட்டாரு. இந்தாங்க, கிணத்துத் தண்ணி ரிப்போர்ட்!"

ஆய்வாளர் வாங்கிப் படித்தாள். கழிவில் இருக்கும் கிருமிகள் எக்கச்சக்கம்.

"நீங்களும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறீங்களா சார்?"

"சேச்சே! எங்களுக்கு கேன் தண்ணி. இது கோழிக்கு மட்டும்தான்."

கொல்லைக்குப் போனார்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. மூடியும் இல்லை. சுவரை ஒட்டியே கோழிக்கூடு. தண்ணீர்த் தட்டில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

"சார், முதல்ல கூட்டைக் கிணத்துகிட்டேருந்து தூரமா தள்ளி வைங்க. மழை பெய்ஞ்சா எச்சம் எல்லாம் உள்ளதான் போகும். தட்டை தினமும் தேய்ச்சுக் கழுவணும். கிணத்துக்குக் குளோரின் போடற வரைக்கும் தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆறவச்சுக் கொடுங்க."

"கோழிக்கு வெந்நீர் போடவா உங்களை வரச் சொன்னேன்?" பெரியவர் மதில்சுவருக்கு மேல் கையை நீட்டினார். "அங்க பாருங்க! அந்தம்மா வீட்டு செப்டிக் டேங்க்! அதுலேருந்துதான் இங்க ஊறுது. அந்தக் கக்கூஸுக்கு இன்னைக்கே சீல் வச்சாகணும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"சீல் வச்சா நாங்க எங்க போறது மேடம்? வீட்டுல படுத்த படுக்கையா மாமனார் இருக்காரு, வயசுக்கு வந்த பொண்ணு ரெண்டு பேர். கட்டின வீட்டைத்தான் வாங்கினோம். பிளான்ல எல்லாம் சரியா இருக்குன்னு பாத்துத்தான் வாங்கினோம்."

"பிளான்!" என்று சிரித்தார் பெரியவர். "பேப்பர்ல என்ன வேணா எழுதலாம். இடத்தைப் பாக்கணும்மா, இடத்தை!"

இடத்தை அளக்கத் தையல்காரம்மாவின் நாடா போதவில்லை. ஆய்வாளர் தன் டேப்பை எடுத்து, ஒரு முனையைப் பெரியவரிடம் கொடுத்து மதில் தாண்டி அளந்தாள். கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே பத்தொன்பது அடி.

"ஐம்பது அடியாவது இருந்திருக்கணும்" என்றாள்.

தையல்காரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே ஓடிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்த பழைய வரைபடத்தை எடுத்துவந்தாள். ஆய்வாளர் அதை விரித்துப் பார்த்தாள். கிணறு இருந்தது, தொட்டி இருந்தது, நடுவே ஐம்பது அடி என்று அழகாகக் குறித்திருந்தது.

"இந்தம்மா மேல தப்பில்ல சார். ஒருத்தர் இடத்துக்கு வந்து பாக்காமலே அனுமதி கொடுத்திருக்கார்."

பெரியவருக்குப் புது உற்சாகம் பிறந்துவிட்டது. கோழிகளைவிட ருசியான இரை கிடைத்த மாதிரி கண்கள் மின்னின.

"பாத்தீங்களா! இப்படிப்பட்டவனுங்களாலதாம்மா நாடு உருப்படாம போச்சு. ஏசியில உக்காந்துகிட்டு, நீட்டின பேப்பர்ல எல்லாம் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து! யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

"பேரு தெரியல சார். முத்திரை அழிஞ்சுபோச்சு. ஆபீஸ்ல பழைய ஃபைலைப் பாத்தா தெரியும். ஆனா அதுக்கு ஒரு புகார் வேணும்."

"இப்பவே எழுதுங்க. நான் சொல்றேன்."

கிணற்றுச் சுவரில் காகிதத்தை வைத்து ஆய்வாளர் எழுதினாள். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோழிகளுக்கு நடுவே உலாவியபடி சொன்னார். "பொறுப்பில்லாத, சோம்பேறியான, மேற்படி அதிகாரி... எழுதிட்டீங்களா? அவர்மீது கடும் நடவடிக்கை எடுக்குமாறும், ஓய்வு பெற்றிருந்தால் அவருடைய பென்ஷனை நிறுத்துமாறும்... 'பென்ஷனை'ங்கிறதுக்கு அடியில கோடு போடுங்க!"

"பென்ஷன் எல்லாம் வேணாமே சார். குடும்பம் இருக்கும்" என்றாள் தையல்காரம்மா.

"நீ சும்மா இரும்மா! உனக்காகத்தானே எழுதறேன்! இப்படிப்பட்டவனுக்கெல்லாம் இரக்கமே காட்டக் கூடாது."

பேனாவை வாங்கினார். படித்துக்கூடப் பார்க்காமல், காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, சர்ரென்று கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பக்கத்துல இந்த பிளானையும் வச்சு அனுப்பிடுங்க. தப்பிக்கவே கூடாது."

ஆய்வாளர் மனுவின் கீழே வரைபடத்தைச் சேர்த்து, ஓரங்களைச் சரிசெய்து கிளிப் போடப் போனாள். கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு கையெழுத்திலும் கோழி கிளறிய மாதிரி அதே நாலு கீற்று, அதே சுழி, அடியில் அதே வால். மை மட்டும்தான் வேறு: மனுவில் நீலம், அனுமதி கொடுத்த இடத்தில் பச்சை.