சப்போரோவில் நாலு நாள்

“இந்த வயசுல உங்களுக்குப் பனி கேக்குதா உம்மா?”

சுஐபு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். ஜுலைஹா பீவி மகனின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

விஷயம் அன்று மதியம்தான் அவன் காதுக்கு வந்திருந்தது. மனைவி ஸஹ்ரா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மாமி ஜப்பானுக்கு விசா போடச் சொன்னாங்க. போட்டுக் கொடுத்தேன். இன்னிக்கு வந்திருச்சு. சப்போரோன்னு ஒரு ஊராம். நாலே நாள்தானாம்.”

சப்போரோ. ஜனவரியில் முழங்கால் அளவு பனி கொட்டும் ஊர். வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அவன் வாப்பா அகமது கபீர், பழைய இன்ஜின்கள் வாங்க வருஷத்துக்கு மூன்று தடவையாவது போய்வந்த ஊர். போன வருஷம் லீவில் சொந்த ஊர் காயல்பட்டினத்துக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். இப்போது கடை சுஐபின் தலையில்.

“வாப்பா மவுத்தாகி ஒரு வருஷம் முடியல. அதுக்குள்ள டூர் கிளம்பிட்டாங்கன்னு ஊர்ல பேச மாட்டாங்களா?”

“பேசுவாங்க.”

“உம்ராவுக்குப் போவோம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அதுக்கும் வர்றேன். மொதல்ல இது.”

“சரி, அப்ப நானும் கூட வர்றேன்.”

“வேணாம் சுஐபு. நீ கடையைப் பாரு. நான் தனியாத்தான் போகணும்.”

தனியாகப் போகணுமாம். தெருமுனை பக்காலாவுக்கு, மளிகைக் கடைக்குக்கூட ஸஹ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவள்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் அவன் உம்மாவோடு சரியாகப் பேசவில்லை. காலை ஏழரைக்கு அவன் கடைக்கும் ஸஹ்ரா ஆபீசுக்கும் கிளம்பினால், பொழுது சாயும்வரை அந்த ஃபிளாட்டில் ஜுலைஹா பீவி மட்டும்தான். அது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் ஏதோ பேப்பரை மறந்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தான். பெல் அடிக்கும் முன்பே கதவு திறந்தது.

“லிஃப்ட் நிக்கிற சத்தம் கேட்டுச்சு. தெனம் ஓடி வந்து பாப்பேன். எப்பவும் பக்கத்து ஃபிளாட்டுக்குத்தான் ஆள் வரும். இன்னிக்கு நீ வந்திருக்கே.”

சின்னப் பிள்ளைபோல அவள் சிரித்தாள். ஆனாலும் அவனுக்குக் கோபம் இறங்கவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எப்படியோ செய்தி காயலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சித்தப்பா முகம்மது ரிபாய் போன் போட்டார்.

“உங்க உம்மாவுக்கு என்ன வந்துச்சு? பனியில விளையாடப் போறாகளாமே?”

“மனசு சரியில்ல சித்தப்பா. டாக்டர்தான் எங்கயாவது போய்ட்டு வரச் சொன்னார்” என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சமாளித்தான்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. பாஷை தெரியாத ஊர், வழி தவறிவிட்டால்?

“உங்க பிளானைக் காட்டுங்க உம்மா. எங்கெங்க போறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

அவள் ஒரு தாளை நீட்டினாள். தமிழில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். டோக்கியோவில் விமானம் மாற வேண்டும். இறங்கியதும் டாக்சி. ஓட்டல் பெயர். அதன் கீழே ஒரே ஒரு விலாசம்.

சுஐபு மொபைலில் மேப்பைத் திறந்து பார்த்தான். ஓட்டல் ஊரின் ஓரத்தில் இருந்தது.

“இங்க பாக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே உம்மா. வெறும் வீடுங்க.”

“தெரியும்.”

“பின்னே நாலு நாளும் எங்க போவீங்க?”

“அந்த விலாசத்துக்கு.”

“யாரு வீடு அது?”

ஜுலைஹா பீவி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு போனை எடுத்து வந்து அவனிடம் கொடுத்தாள். வாப்பாவின் போன்.

திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. ஒவ்வொன்றின் கீழும் போனே மாற்றிக் கொடுத்த தமிழ்.

‘ஏன் பதில் இல்லை?’

‘உடம்பு சரியில்லையா?’

‘இந்தக் குளிர்காலத்துக்காவது வருவீர்களா?’

கடைசியாக ஒரு போட்டோ. வீட்டு வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வாசல் பனியை ஒதுக்கி, ஒரு ஆள் நடந்து வருகிற அளவுக்குப் பாதை போட்டிருந்தாள். முந்தாநாள் வந்தது.

“பன்னெண்டு வருஷமாம். பழசையெல்லாம் படிச்சுப் பாத்தேன். அவர் போன பெறகுதான் எனக்கே தெரியும்.”

நாலு பேருக்குத் தெரிந்தால்? சுஐபுக்கு முதலில் அதுதான் தோன்றியது.

“எல்லாத்தையும் அழிச்சிருங்க உம்மா. நம்பரை பிளாக் பண்ணிருவோம். யாருக்கும் தெரிய வேணாம்.”

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“உங்களுக்குக் கோவமே வரலையா?”

“வந்துச்சு. யார்கிட்டக் காட்டுறது? அவரைத்தான் கபர்ல வெச்சுட்டு வந்துட்டோமே.”

“அப்ப எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? மவுத்தாயிட்டாருன்னு ஒரு வரி அனுப்பிட்டா முடிஞ்சுது.”

ஜுலைஹா பீவி மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவளுக்குப் பிள்ளை குட்டி, சொந்தம்னு யாருமில்ல சுஐபு. எனக்கு அன்னிக்கு ஊர்ப்பட்ட சனம் வந்து கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. இந்தச் சேதி கேக்கும்போது அவ பக்கத்துல உக்கார என்னை விட்டா யாரு இருக்கா?”