கிணற்றுக் கயிறு

"கயிறு நீண்டுக்கிட்டே போகுதுங்க," என்றாள் வீபியா. "போன வருஷம் தண்ணிக்கே எட்டல. இப்ப நாலு முழம் மிச்சம்."

"நனைஞ்ச கயிறு நீளத்தானே செய்யும்," என்று சிரித்தான் நுமேரியஸ்.

கார்த்தேஜ் நகரைக் கொளுத்திய ரோமானியப் படையில் இருந்தவன் அவன். அங்கே கல்லெறியும் பொறி ஒன்றிலிருந்து அவிழ்த்து வந்த கயிறு அது.

"எதுல திரிச்சது?"

அவன் சிரிப்பு நின்றது. "அந்த ஊர்ப் பொம்பளைங்க தலைமுடி. முற்றுகையில நார் கிடைக்காம வெட்டிக் கொடுத்தாளுங்க. அத்தனை பேரும் தீயில போனாளுங்க. நானே பார்த்தேன், ஒருத்திகூடத் தப்பல."

வீபியா கயிற்றை அவன் மடியில் வைத்தாள். கறுத்த புரிகளுக்கிடையே நேற்றுவரை இல்லாத வெள்ளை இழைகள் ஓடின.

"செத்தவளுக்கு முடி நரைக்குமாங்க?"